பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம், புத்தகத்துக்கு வேண்டும்!

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிறீர்கள். பஸ் இன்னும் மலை ஏறத் தொடங்கவில்லை. சாலை ஓரத்திலே ஒரு பெரிய வளைவு நிற்கிறது. "மாடர்ன் தியேட்டர்ஸ்" வளைவு அது.

வளைவுக்குப் பின்னால் இன்று சினிமா ஸ்டூடியோ இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. 1935-ம் ஆண்டில் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோ. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கே தயாராயின.

1950-ம் ஆண்டில் அங்கிருந்து "திகம்பர சாமியார்" என்ற படம் வெளிவந்தது. அது ஒரு துப்பறியும் கதை. நடித்தவர் எம். என். நம்பியார். இந்தப் படத்தில் அவர் வில்லன் அல்ல; குற்றவாளியைப் பிடிக்கும் துப்பறிவாளர்! மாறுவேடத்துக்கு மேல் மாறுவேடம் போட்டு வந்தார்.

அந்தக் கதையை எழுதியவர் யார்? வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார். மன்னார்குடிக்குப் பக்கத்திலே உள்ள வடுவூர்க்காரர். அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு நாவல் எழுத வந்தவர். 1942-ல் காலமானார். படம் வந்தபோது அவர் இறந்து எட்டு ஆண்டு ஆகியிருந்தது.

எழுதியவர் போய்விட்டார். எடுத்தவரும் போய்விட்டார். ஸ்டூடியோவும் போய்விட்டது. ஆனாலும் "திகம்பர சாமியார்" என்ற பெயர் போகவில்லை.

இதை நினைக்கும்போது, இன்று மர்மக் கதை எழுதும் வாலிபர்களின் நினைவு வருகிறது. அவர்களைப் பற்றியும், அவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்களைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும்.

"தம்பட்டம் அடிக்கிறான்!"

ஒரு வாலிபர் மர்மக் கதை எழுதுகிறார். கைப்பணத்தைப் போட்டுப் புத்தகமாக அச்சடிக்கிறார். பிறகு என்ன செய்கிறார்?

பத்திரிகை அலுவலகத்துக்குப் போகிறார். "என் புத்தகத்தைப் பற்றி ஒரு வரி போடுங்கள்" என்று கேட்கிறார். யூடியூப்பில் பேசுகிறார். வாட்ஸ்அப்பில் அட்டைப் படத்தை அனுப்புகிறார். புத்தகக் கண்காட்சியில் வாசலிலே நின்று, வருகிறவர்களை அழைத்துக் காட்டுகிறார்.

ஊரில் உள்ள பெரியவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. "எழுதினால் போதாதா? ஏன் இந்தத் தம்பட்டம்? நல்ல சரக்காக இருந்தால் தானே விலை போகாதா? பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?" என்கிறார்கள்.

நல்ல பழமொழிதான். ஆனால் புத்தகத்துக்குப் பொருந்தாது.

பூவுக்கு வாசனை இருக்கிறது. கடையை நீங்கள் பார்க்காவிட்டாலும் வாசனை உங்களைத் தேடி வருகிறது. புத்தகத்துக்கு அப்படி வாசனை உண்டா? மூடிய புத்தகம் பேசாது. நூறு புத்தகத்தோடு அலமாரியில் நின்றால், நூறில் ஒன்று. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்தால்தான் தெரியும். திறக்க வைப்பது யார்? யாராவது ஒருவர் மணி அடித்துத்தான் ஆக வேண்டும்.

கீரைக்காரி தெருவில் கூவுகிறாள். "கீரை நல்லதாக இருந்தால் பேசாமல் போ" என்று அவளிடம் யாராவது சொல்வார்களா?

பெயர் செய்த மாயம்

இங்கிலாந்தில் நடந்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள்.

2013-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். "தி குக்கூஸ் காலிங்" என்ற துப்பறியும் நாவல் வெளிவந்தது. எழுதியவர் ராபர்ட் கால்பிரெய்த். புது ஆசிரியர். யாருக்கும் தெரியாதவர். புத்தகத்தைப் படித்துப் பார்த்த சிலர் நன்றாக இருக்கிறது என்று எழுதினார்கள். ஆனால் விற்பனை? மிகக் குறைவு.

ஜூலை மாதம் ஒரு லண்டன் பத்திரிகை ரகசியத்தை உடைத்தது. ராபர்ட் கால்பிரெய்த் என்று ஒருவர் கிடையாது. அது புனைபெயர். எழுதியவர், "ஹாரி பாட்டர்" கதைகளை எழுதிய ஜே. கே. ரௌலிங் அம்மையார்!

அவ்வளவுதான். புத்தகம் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போய்விட்டது.

புத்தகத்தில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஏப்ரலில் இருந்த அதே கதை. அதே கொலை. அதே முடிவு. மாறியது பெயர் மட்டும்தான்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? நல்ல புத்தகமாக இருந்தால் மட்டும் போதாது. அப்படி ஒரு புத்தகம் இருப்பது ஊருக்குத் தெரிய வேண்டும். உலகப் புகழ் பெற்ற ஆசிரியைக்கே பெயரை மறைத்தால் இதுதான் கதி. அப்படியானால் ஏற்காட்டு மலையிலோ, சேலத்துச் சந்து ஒன்றிலோ உட்கார்ந்து முதல் கதை எழுதும் வாலிபர் என்ன செய்வார்? அவருக்குப் பின்னால் பெரிய பெயர் எதுவும் ஒளிந்துகொண்டிருக்கவில்லை. அவரே போய்த்தான் சொல்ல வேண்டும்.

தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும்

நம் நாட்டிலும் இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர் ஒருவர் இருந்தார். அவர்தான் தமிழ்வாணன்.

தேவகோட்டைக்காரர். 1926-ல் பிறந்தவர். வாலிப வயதிலேயே "கல்கண்டு" பத்திரிகைக்கு ஆசிரியர் ஆனார். சங்கர்லால் என்ற துப்பறிவாளரைப் படைத்தார். சங்கர்லால் தேநீர் குடித்தால் மூளை வேலை செய்யும், மர்மம் விலகும். அந்தக் காலத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சங்கர்லாலைத் தெரியாமல் இராது.

சங்கர்லாலைப் போலவே தமிழ்வாணனின் தோற்றமும் பிரபலம். தலையில் தொப்பி. கண்ணில் கறுப்புக் கண்ணாடி. இந்த இரண்டும் அவருக்கு முத்திரை. மேல்விலாசம் எழுதாமல் ஒரு தொப்பியும் கண்ணாடியும் படமாகப் போட்டு அனுப்பிய கடிதம்கூட அவருக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்லுவார்கள்.

இதுவும் விளம்பரம்தானே? ஆம், விளம்பரம்தான். அதனால் என்ன குறைந்தது? தொப்பியைப் பார்த்து வாங்கினார்கள். கதை பிடித்ததால் மறுபடியும் வாங்கினார்கள். 1977-ல் அவர் காலமானார். அவருடைய கதைகள் அதன் பிறகும் அச்சாகின்றன. தொப்பி மட்டும் இருந்திருந்தால் இது நடக்குமா?

முகம் காட்டாமல் வந்தவர்

இதற்கு நேர் எதிரான வழியில் வந்தவர் சுஜாதா.

அவருடைய சொந்தப் பெயர் ரங்கராஜன். குமுதம் பத்திரிகையில் ஏற்கனவே ரா. கி. ரங்கராஜன் என்ற எழுத்தாளர் இருந்தார். இரண்டு ரங்கராஜன் இருந்தால் குழப்பம் அல்லவா? ஆகவே மனைவியின் பெயரை வைத்துக்கொண்டார். 1968-ம் ஆண்டில் குமுதத்தில் "நைலான் கயிறு" தொடர்கதை வந்தது. வக்கீல் கணேஷ் அதில்தான் அறிமுகம் ஆனார். எழுதியவர் ஆணா, பெண்ணா என்றுகூடப் பல வாசகர்களுக்குத் தெரியாது.

"பார்த்தீர்களா? சுஜாதா தம்பட்டம் அடிக்கவில்லையே!" என்று கேட்கலாம்.

அவர் அடிக்கவில்லை. அவருக்காகப் பத்திரிகை அடித்தது! குமுதம் வாரா வாரம் வீடு வீடாகப் போயிற்று. "அடுத்த வாரம்" என்ற வார்த்தையைப் பார்த்து ஜனங்கள் காத்திருந்தார்கள். அதைவிடப் பெரிய மணி உண்டா?

அதற்கு முன்பும் அப்படித்தான். வடுவூரார் காலத்திலும், "இராஜாம்பாள்" எழுதிய ஜே. ஆர். ரங்கராஜு காலத்திலும், ஆரணி குப்புசாமி முதலியார் காலத்திலும், மாதப் பத்திரிகைகளும் புத்தகக் கடைகளும் நாவல்களை ஊர் ஊராகக் கொண்டுபோயின. வடுவூரார் தாமே ஒரு பத்திரிகை நடத்தினார். "இராஜாம்பாள்", வடுவூராரின் "மேனகா" ஆகிய இரண்டு கதைகளும் 1935-ல் சினிமா ஆயின. மேலும் பலர் தேடிப் படித்தார்கள்.

1980-களில் மாத நாவல் காலம் வந்தது. பஸ் நிலையத்துப் பெட்டிக் கடையிலே வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் நாவல் தொங்கியது. கோயம்புத்தூர் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்ற பெயரில் எழுதிய இரட்டையர்கள் சுரேஷும் பாலகிருஷ்ணனும்... இவர்களுடைய கதைகளைப் படித்துக்கொண்டே எத்தனையோ பேர் பிரயாணம் செய்தார்கள். ராஜேஷ்குமார் எழுதிய நாவல்கள் 1,500-க்கு மேல்!

இன்று அந்தப் பெட்டிக் கடையில் நாவல் தொங்குகிறதா? பெரும்பாலும் இல்லை. முதலில் டெலிவிஷன் வந்தது. பிறகு கைபேசி வந்தது. பஸ்ஸில் எல்லோர் கையிலும் அதுதான். தொடர்கதை போடும் பத்திரிகைகளும் குறைந்துவிட்டன.

ஆகவே, பத்திரிகை அடித்த மணியை இன்று வாலிபர் தாமே அடிக்கிறார். இதைத் தற்பெருமை என்று சொல்வது சரியல்ல. வேறு வழி இல்லை என்பதுதான் உண்மை.

சேலத்துப் பிள்ளை

சேலத்திலே பிறந்த எழுத்தாளர் ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். இந்திரா சௌந்தர்ராஜன். 1958-ல் பிறந்தார். தம் தாயாரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டு எழுதினார். மதுரையில் வாழ்ந்தார். 2024 நவம்பரில் அங்கேயே காலமானார்.

கோயில், சித்தர், குலதெய்வம், ஊரில் வழங்கும் கதை. இவைதான் அவருடைய மர்மத்துக்கு மூலப்பொருள். 1990-களில் அவர் கதைகள் "மர்மதேசம்" என்ற பெயரில் டெலிவிஷனில் வந்தன. இயக்கியவர் நாகா. "விடாது கருப்பு" ஓடிய நாட்களில் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். பிள்ளைகள் பாட்டியின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

அதுவரை அவர் பெயரைக் கேட்டிராதவர்களுக்கும் அவரைத் தெரிந்தது டெலிவிஷனால்தான். ஆனால் டெலிவிஷன் அவருக்குக் கதை எழுதித் தரவில்லை. கதை முன்பே அவர் கையில் இருந்தது. இதை இளம் எழுத்தாளர்கள் மறக்கக் கூடாது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

"மர்மக் கதை படித்தால் பிள்ளை கெட்டுப்போகும்" என்று சில தகப்பனார்கள் புத்தகத்தைப் பூட்டி வைக்கிறார்கள்.

கெட்ட புத்தகம் உண்டு. வெறும் இரத்தத்தையும் ஆபாசத்தையும் காட்டி விற்கும் புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம். அதற்காக எல்லாவற்றையும் பூட்டலாமா? வழி ஒன்று உண்டு. முதலில் நீங்கள் படியுங்கள். பிறகு பிள்ளையிடம் கொடுங்கள். "கொலை செய்தது யார், சொல்லு பார்க்கலாம்" என்று கேளுங்கள். பிள்ளை யோசிக்கும். காரணம் சொல்லும். இது கணக்குப் போடுவதற்குச் சமானமான பயிற்சி.

இன்னொரு நன்மையும் உண்டு. வயது வந்த பிறகு எழுத்துக் கற்றுக்கொண்டவர்கள் நம் ஊர்களில் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். 1990-களில் அறிவொளி இயக்கம் கிராமம் கிராமமாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தது. அந்த இயக்கமும் புதிதாகப் படிப்பவர்களுக்குச் சிறு கதைப் புத்தகங்கள்தான் கொடுத்தது. ஏன்? கற்ற எழுத்து மறக்காமல் இருக்க வேண்டுமானால் தினமும் படிக்க வேண்டும். தினமும் படிக்க வேண்டுமானால் படிப்பதில் ருசி வேண்டும். "அப்புறம் என்ன ஆயிற்று?" என்ற ஆசை வேண்டும்.

அந்த ஆசையை மர்மக் கதையைப் போல மூட்டுவது வேறு எது? எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கூட, கதவைத் தட்டியது யார் என்று தெரிந்துகொள்ள அடுத்த பக்கத்தைத் திருப்புவார். முப்பது கதை திருப்பினால் எழுத்துக் கூட்டும் பழக்கம் போய்விடும், சரளமாகப் படிப்பார். பிறகு அவரே கடிதம் படிப்பார், பத்திரம் படிப்பார், பத்திரிகையும் படிப்பார்.

ஆகவே மர்மக் கதை எழுதுகிறவர் சும்மா பொழுதுபோக்குக்காரர் அல்ல. படிக்கும் பழக்கத்தை வளர்ப்பவரும் அவர்தான்.

படித்தவர்கள் இவர்களை வெகுகாலம் கவனிக்கவில்லை. 2008-ம் ஆண்டில் சென்னையில் இந்தக் கதைகள் சிலவற்றை இங்கிலீஷில் மொழிபெயர்த்து ஒரு தொகுப்பாக வெளியிட்டார்கள். தமிழ்வாணன், ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, இந்திரா சௌந்தர்ராஜன் எல்லோரும் அதில் இருந்தார்கள். பஸ் நிலையத்தில் இதே கதைகளைத் திரும்பிப் பார்க்காதவர்கள், வழுவழுப்பான அட்டையில் பார்த்ததும் வாங்கினார்கள்!

வாலிபருக்கு மூன்று நிபந்தனை

மணி அடிக்கலாம் என்று சொல்லிவிட்டோம். ஆனால் மூன்று நிபந்தனை உண்டு.

முதல் நிபந்தனை: வாசகரை ஏமாற்றாதீர்கள்.

1930-ம் ஆண்டில் லண்டனில் துப்பறியும் கதை எழுத்தாளர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். முதல் தலைவர் ஜி. கே. செஸ்டர்டன். அகதா கிறிஸ்டியும் உறுப்பினர். அதில் சேருகிறவர்கள் சத்தியம் செய்ய வேண்டும். என்ன சத்தியம்? "என் கதையில் வரும் துப்பறிவாளர் தம் மூளையைக் கொண்டே கண்டுபிடிப்பார். தெய்வ வாக்கு, மந்திரம், தற்செயல் இவற்றை நம்பமாட்டார். முக்கியமான தடயத்தை வாசகரிடமிருந்து மறைக்கமாட்டேன்." இதுதான் அதன் கருத்து.

வேடிக்கையாகச் செய்த சத்தியம்தான். ஆனாலும் உள்ளே நியாயம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் இதுவரை வராத ஒருவரைக் கொண்டுவந்து "இவர்தான் கொலைகாரர்" என்றால், காசு கொடுத்தவர் ஏமாந்துபோகிறார். தராசில் கல்லை மாற்றுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இரண்டாவது நிபந்தனை: கற்பனையை உண்மை என்று விற்காதீர்கள்.

"இது உண்மைச் சம்பவம்" என்று அட்டையில் போட்டால் நாலு பேர் கூடுதலாக வாங்குவார்கள். ஆனால் ஊர் பெயரும் ஜாதிப் பெயரும் உண்மையாகவும், பழி பொய்யாகவும் இருந்தால், அந்தப் பழி கதை முடிந்த பிறகும் அவர்கள் மேலேயே நிற்கும்.

உதாரணம் சொல்லுகிறோம். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் 1890-ல் "தி சைன் ஆஃப் ஃபோர்" எழுதினார். அதில் அந்தமான் தீவுக்காரர் ஒருவர் வருகிறார். குழலை ஊதி நச்சு முள் எய்து ஆளைக் கொல்கிறார். அந்தமான் ஜனங்கள் மனிதரைத் தின்பவர்கள் என்றும் கதை சொல்கிறது. உண்மை என்ன? அந்தமான் பழங்குடியினரின் ஆயுதம் வில்லும் அம்பும். நரமாமிசக் கதைக்கு ஆதாரம் கிடையாது. ஆனால் உலகம் முழுவதும் எத்தனை பேர் இந்தப் பொய்யைப் படித்திருப்பார்கள்! அந்தத் தீவுக்காரர்கள் பதில் எழுத முடியுமா?

இதை ஏற்காட்டு மலைக்குப் பொருத்திப் பாருங்கள். சேர்வராயன் மலையில் "மலையாளி" என்று பெயர் பெற்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்கள் பேசுவது தமிழ். மலை உச்சியில் குகைக் கோயிலில் சேர்வராயனைக் கும்பிடுகிறார்கள். ஆண்டுதோறும் மே மாதத்தில் திருவிழா நடக்கிறது.

மர்மக் கதைக்காரர் ஒருவர் வந்து, "குகையில் நரபலி, மலைவாசி மந்திரவாதி" என்று எழுதுவது சுலபம். அட்டைப் படமும் பயங்கரமாக அமையும். ஆனால் அந்த மலைக் கிராமத்துப் பெண் சேலத்துக் கல்லூரியில் படிக்க வரும்போது, பக்கத்தில் உட்காருகிறவள் அந்தக் கதையைப் படித்தவளாக இருந்தால்? "உங்கள் ஊரில் பில்லி சூனியம் வைப்பார்களாமே?" என்று கேட்டால்? அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள்?

அப்படியானால் ஏற்காட்டை வைத்து மர்மக் கதையே எழுதக் கூடாதா? தாராளமாக எழுதலாம். மலைக்குச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் எதிரே வருவது தெரியாது. மாலையில் மூடுபனி இறங்கினால் பத்தடியில் நிற்பவர் முகம் தெரியாது. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பி, இன்றும் சவுக்கு மரத்தைப் போல உயர்ந்து நிற்கும் மரங்களின் நிழலிலே விளைகிறது. மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது.

களத்தில் காயவைத்த காப்பி மூட்டை ஒன்று காணாமல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு லாரி எந்த வளைவில் நின்றது? பனி இறங்கும் நேரம் யாருக்குத் தெரியும்? காவல்காரர் ஏன் பொய் சொன்னார்? ஒரு மூட்டை காப்பி போதும், நல்ல மர்மக் கதைக்கு! நரபலி வேண்டியதில்லை.

மூன்றாவது நிபந்தனை: மணி அடிப்பதே தொழில் ஆகிவிடக் கூடாது.

1926-ம் ஆண்டு டிசம்பர் மாதம். அகதா கிறிஸ்டி திடீரென்று காணாமல் போனார். அப்போது அவருக்கு வயது 36. அவருடைய மோட்டார் கார் தனியாகக் கிடந்தது. போலீசார் தேடினார்கள். பொது ஜனங்களும் சேர்ந்து தேடினார்கள். பத்திரிகைகளில் அதே செய்தி. 11 நாள் கழித்து, ஹாரோகேட் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் வேறு பெயரில் தங்கியிருந்தது தெரிந்தது. "எல்லாம் புத்தகம் விற்கச் செய்த விளம்பரம்" என்று பலர் பேசினார்கள். ஆனால் அந்த ஆண்டில் அவருடைய தாயார் இறந்திருந்தார். கணவர் வேறு ஒரு பெண்ணை மணக்க விரும்பி விவாகரத்துக் கேட்டிருந்தார். அந்த அம்மாள் பட்ட துன்பம் ஊராருக்கு வேடிக்கையாகப் போயிற்று.

பிறகு அவர் என்ன செய்தார்? அந்த 11 நாளைச் சொல்லிப் பணம் பண்ணவில்லை. தம் சுயசரிதையில்கூட அதைப் பற்றி எழுதவில்லை. கதைதான் எழுதினார். 1976-ல் காலமாகும் வரை 66 துப்பறியும் நாவல்கள்! பத்திரிகைகளின் பரபரப்பு சில வாரம். கதைகள் இன்றும் விற்பனை ஆகின்றன.

தம்பி, பேட்டி கொடுங்கள். படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டுக்குத் திரும்பியதும் பேனாவை எடுங்கள். பேட்டி கொடுக்கும் நாளைவிட எழுதும் நாள் அதிகமாக இருக்கட்டும்.

நாம் செய்ய வேண்டியது

வாலிபருக்குப் புத்தி சொன்னால் போதுமா? வாசகர்களாகிய நமக்கும் கடமை உண்டு.

1948-ம் ஆண்டிலேயே பொது நூலகச் சட்டம் செய்த மாநிலம் நம்முடையது. ஊர் தோறும் கிளை நூலகம் இருக்கிறது. உள்ளூர் வாலிபர் ஒருவர் கதை எழுதினால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அங்கே அழைத்துப் பேசச் சொல்லலாம். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும்.

கலியாணத்துக்கு மொய் எழுதுகிறோம். கோயிலுக்குக் காணிக்கை போடுகிறோம். ஆண்டுக்கு ஒரு தடவை, பெயர் தெரியாத எழுத்தாளரின் முதல் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கக் கூடாதா?

வாங்கினால் மட்டும் போதாது, படிக்க வேண்டும். படித்த பிறகு உண்மையைச் சொல்ல வேண்டும். "பிரமாதம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்வது உதவி அல்ல. "கொலைகாரன் யார் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது, தம்பி" என்று சொன்னால், அடுத்த கதையில் அவர் திருத்திக்கொள்வார்.

சேலத்துச் சாலையில் நிற்கும் அந்த வளைவை மறுபடியும் நினையுங்கள். வளைவு என்பது விளம்பரம். "உள்ளே ஏதோ இருக்கிறது, வாருங்கள்" என்று அது அழைக்கிறது. ஸ்டூடியோ ஓடிய காலத்தில் வளைவைப் பார்த்து ஜனங்கள் நின்றார்கள். உள்ளே நம்பியார் வேடம் போட்டுக்கொண்டிருந்தார். இன்று வளைவு இருக்கிறது. உள்ளே ஸ்டூடியோ இல்லை. நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம்.

வளைவு கட்டுங்கள், தம்பி. உயரமாகவே கட்டுங்கள். ஆனால் உள்ளே வருகிறவருக்குக் காட்ட ஒரு கதை தயாராக இருக்கட்டும்!